கொழும்பிலிருந்து வந்த அடிமண்டி

என் கொழுந்தன் கொழும்பிலிருந்து பெண்டாட்டியோடு வந்து இறங்கிய அன்று, டிரங்குப் பெட்டியும் படுக்கையும் கூலியாள் தலையில் வந்தன. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு பீங்கான் குப்பி. அதற்கு ஈரத்துணி வேறு சுற்றியிருந்தது. நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறேன், அவளானால் அந்தக் குப்பியை எங்கே வைக்கலாம் என்று என் முதுகுக்குப் பின்னால் இடம் தேடுகிறாள். மூத்த மருமகள் ஒருத்தி எதிரே நிற்கிறாளே என்ற எண்ணமே இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

குப்பிக்குள் இருந்தது இஞ்சி பீரின் அடிமண்டி. கொழும்பில் வீட்டுக்கு வீடு இஞ்சி பீர் போடுவார்களாம். இஞ்சியை நசுக்கி, சீனி சேர்த்துக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, போன தடவை போட்டதன் அடியில் தங்கிய வெள்ளை வண்டலை அதில் ஊற்றித் துணியால் மூடிவைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். மேலே தெளிந்ததைக் குப்பிகளில் அடைத்துவிட்டு, அடியில் கிடப்பதை அடுத்த தடவைக்கு எடுத்துவைக்க வேண்டும். உறைமோர் இருந்தால் தயிர், அந்த மண்டி இருந்தால் இஞ்சி பீர். அவள் கொண்டுவந்தது அவள் அம்மா வீட்டு மண்டி. அம்மாவுக்கு அது பக்கத்து வீட்டுப் பறங்கிக்காரி கொடுத்தது. தலைமன்னாரில் ஒரு தடவை, தனுஷ்கோடியில் ஒரு தடவை, மதுரையில் ஒரு தடவை என்று கார்க்கைத் திறந்து காற்றை வெளியேற்றிக்கொண்டே வந்தாளாம். இல்லாவிட்டால் வெடித்துவிடுமாம். இதை என் கொழுந்தன் அவ்வளவு பெருமையாகச் சொன்னான். நகையைப் பத்திரமாகக் கொண்டுவந்தாள் என்று சொல்லியிருந்தாலாவது காதுகொடுத்துக் கேட்கலாம்.

அவளை நான் கொழும்புக்காரி என்றே சொல்லுவேன். பூர்வீகம் எங்கள் பக்கம்தான், பிறந்து வளர்ந்தது மட்டும் அங்கே. ஓரகத்தி என்று முறையாகச் சொல்லலாம். வாயில் வரவில்லை.

எங்கள் மாமனாருக்குக் கோவில்பட்டி ஸ்டேஷன் போகிற வழியில் சோடாக் கடை இருந்தது. கோலிச் சோடா, பன்னீர்க் கலர், அதோடு வெற்றிலை பாக்கு. மூத்தவர், என் வீட்டுக்காரர், அப்பாவோடு கடையில் நின்றார். இளையவனைச் சின்ன வயதிலேயே கொழும்பில் ஒரு சொந்தக்காரர் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே குடியுரிமை, பெர்மிட் என்று கெடுபிடி அதிகமானதும் கடையை ஏறக்கட்டிவிட்டு எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களும் வந்தார்கள். மாமனார் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மாமியார் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார்கள், அதனால் அந்த வீட்டை அதுவரை ஆண்டவள் நான்தான்.

வந்த வாரமே ஒரு ஜாடியில் போட்டாள். அன்று நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். நல்ல பங்குனி வெயில். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தார். என் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து, முக்காடு இல்லை, கதவு மறைவு இல்லை, நேரே அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இப்படி ஒண்ண நான் ஆயுசுல குடிச்சதில்லம்மா" என்றார்.

பாருங்கள், எனக்கு அந்த மனிதரோடு கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் சமையலைச் சாப்பிட்டு அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்புக் குறைந்தால் தட்டை ஒரு விரலால் தள்ளுவார். சரியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். கை கழுவப் போவதுதான் பாராட்டு. சரி, ஆம்பளைகள் எல்லாரும் அப்படித்தான், இவருக்கு அந்த மாதிரிப் பேச்சே வராது என்று நானும் என் மனசை ஆற்றி வைத்திருந்தேன். வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. அடிவயிற்றில் மிளகாயை அரைத்துத் தடவியது மாதிரி இருந்தது. எனக்கும் அவர் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் பிறகு விடவே இல்லை.

மாமனாருக்கு மட்டும் முதலில் பயம். அது மதுவிலக்குக் காலம். தூத்துக்குடிப் பக்கத்தில் பனை ஏறுகிறவன்கூடப் பதனீரோடு சரி, கள்ளுக் கலயம் கட்டினால் போலீஸ். பீர் என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லி, அதற்கு இஞ்சிக் கலர் என்று பேர் வைத்தார். போதையெல்லாம் ஒன்றும் கிடையாது, நெஞ்சில் லேசாக உறைக்கும், ஏப்பம் வரும், அவ்வளவுதான். பிறகு அவரே அதைக் கடைக்குக் கொண்டுபோனார். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், ஜின்னிங் பாக்டரிக்குப் பருத்தி வண்டி ஓட்டி வருகிறவர்கள், எட்டயபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் இஞ்சிக் கலர் இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில் அந்தக் கதையைத்தான் சொல்லுவார். யார் என்ன சொன்னார், எந்த ஊர்க்காரர் இரண்டு டம்ளர் குடித்தார். நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருப்பேன்.

அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஓம், ஓம் என்பாள், அது எனக்கு ஆகாது. ஜாடியைக் கழுவவே மாட்டாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பாத்திரத்தைப் பளபளவென்று வைப்பவள் நான். அவள் ஒரு ஜாடியை நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருக்கிறாள், அதற்கு இந்த மரியாதை! தினமும் காலையில் ஒரு கரண்டி சீனியும் துளி இஞ்சியும் அதற்குப் போடுவாள். போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் அதையும் நின்று வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன். கொஞ்சம் மண்டி கொடு, நானும் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். என் கெட்ட நேரம், அன்று வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்திருந்தது. அவள் எழுந்து நின்று, "வெளக்கு வச்சாச்சே அக்கா. நாளைக்குக் காலைல தாரேன்" என்றாள்.

விளக்கு வைத்த பிறகு உப்பு, உறைமோர், ஊசி எதுவும் கையால் கொடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை என்றால் அறவே கூடாது, வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். கொழும்பில் வளர்ந்தவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வந்த புதிதில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். அந்தப் பாடத்தை என்னிடமே ஒப்பித்துவிட்டாள். மறுநாள் காலையில் சொன்னபடி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். எனக்கு ரோஷம். இப்போது வேண்டாம், வேலை கிடக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு நான் கேட்கவும் இல்லை, அவள் தரவும் இல்லை.

கேட்காமலே செய்துகாட்டுகிறேன் என்று கிளம்பினேன். அடைத்த குப்பிகளின் அடியிலும் ஒரு விரற்கடை வெள்ளை தங்கும். கடையில் குடிக்கிறவர்கள் அதைச் சாக்கடையில் கவிழ்த்துவிடுவார்கள். அப்படி ஒரு குப்பியை எடுத்துவைத்து அதில் போட்டுப் பார்த்தேன். மாவு புளிக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம், கல்லுப்பைப் போட்டுக் கையால் கலக்குவோம். நானும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். அது அசையவே இல்லை. இஞ்சிக் கஷாயத்தில் உப்புப் போட்ட மாதிரி இருந்தது, ஏனென்றால் அது அதுதான். மாட்டுக்குக்கூட வைக்க முடியாமல் கொட்டினேன்.

பொங்கலுக்கு எட்டயபுரத்தில் பிறந்த வீட்டுக்குப் போகும்போது இன்னொரு குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் நானும் அவளை மாதிரியே கார்க்கைத் திறந்து திறந்து காற்றை வெளியேற்றினேன், என்னை நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது. அங்கே உப்பு இல்லாமல் போட்டேன். எங்கள் அண்ணன் வீட்டுக்கு ஊருணித் தண்ணீர், வாயில் வைத்தால் கற்கண்டு. இரண்டாம் நாள் காலையில் ஜாடியைத் திறந்தால் புஸ்ஸென்று நுரை. அண்ணனும் அண்ணியும் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார்கள். அண்ணி என்னிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு அந்த மண்டியை வைத்து வீட்டிலேயே போட ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அண்ணன் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்ல வேண்டியவர் கோவில்பட்டியில் அவள் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்து இங்கேயும் போட்டுக்காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டியிருந்தால் என்ன சொல்லுவார்கள்? பாவம், சின்னவளைப் பார்த்துப் பெரியவளும் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். அதற்கு நான் சும்மாவே இருந்துவிட்டுப் போவேன்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு மாசி மாதம் மாமனார் காலமானார். காய்ச்சலில் படுத்தார், அதிகம் கஷ்டப்படாமல் போய்விட்டார். நாகலாபுரத்திலிருந்து நாத்தனார் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பிணம் எடுத்த கையோடு வீட்டைக் கழுவும் வேலை நடந்தது. சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர், பழைய சோறு, மாவு, மோர் எதுவும் இருக்கக் கூடாது. குடத்துத் தண்ணீரைக்கூடக் கவிழ்த்துவிட வேண்டும். நாத்தனார் தலைமையில் பெண்கள் முன்கட்டு, பின்கட்டு ஒன்று விடாமல் அள்ளி ஊற்றினார்கள். நானும் கொழும்புக்காரியும் நனைந்த சேலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நாத்தனார் அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எழுந்திருக்கப் போனாள், பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். மாமனாருக்காக அழுகிற அழுகையில் அதையும் சேர்த்து அழுதாள். கடையில் இருந்த குப்பிகளையும் யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டியதும் அவள் புதிதாக உண்டாக்கப் பார்த்தாள். இஞ்சியும் சீனியும் போட்டு வைத்தாள், புளித்துக் காடியாகப் போனது. மறுபடி வைத்தாள், நூல் நூலாகப் பிசுபிசுத்தது. துளி கள்ளு கிடைத்தால் பிழைக்கவைத்துவிடலாம் என்றாள். கள்ளுக்கு எங்கே போக? கொழும்புக்கு எழுதலாம் என்றால் அவள் அம்மாவும் அங்கே இல்லை, இங்கே வந்து சேர்ந்து காலமும் ஆகிவிட்டாள். அவள் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு சாயங்காலத்தோடு போயிற்று. என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையோடு என் அடுப்படி நிலையில் வந்து நின்றார். "நீதான கொட்டுன?" என்றார்.

"ஒங்க தங்கச்சி கொட்டுனா. நாகலாபுரம் போயி கேட்டுட்டு வாங்க."

"ஒனக்குத்தான அது கண்ண உறுத்திக்கிட்டு கெடந்துச்சு."

கொட்டினாய் என்று சொன்னது எனக்குப் பெரிதில்லை, அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கண்ணை உறுத்தியது என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! அந்தப் பங்குனி மத்தியானத்திலிருந்து நான் வெந்துகொண்டிருப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ராத்திரிக்கு ராத்திரி இஞ்சிக் கலர் கதை சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும் என்றும் தெரிந்திருக்கும்தானே? ஒரு வார்த்தைக்கு என்ன பஞ்சம் வந்தது?

அன்றைக்கே முடிவு செய்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுச் சீரோடு அண்ணனும் அண்ணியும் வருவார்கள். அண்ணி இன்னும் விடாமல் போட்டுக்கொண்டிருந்த மண்டியில் ஒரு குப்பி கொண்டு வரச் சொல்லி ஆள் மூலம் சொல்லிவிட்டேன். அவள் மேல் இரக்கப்பட்டு இல்லை. இவர் என் கையால் போட்டதைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, யார் போட்டது தெரியுமா என்று நான் கேட்க வேண்டும். அதற்காகத்தான்.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு குப்பியைக் கொழும்புக்காரியிடம் காட்டினேன். கார்க்கைத் திறந்து மூக்கின் பக்கம் கொண்டுபோனாள். உடனே கண் நிறைந்துவிட்டது. எங்கே கிடைத்தது, எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அம்மா வீட்டு வாசனை அக்கா என்றாள். கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் கையை உருவிக்கொண்டு, இந்தத் தடவை நானேதான் போடுவேன், நீ தொடக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். ஓம் அக்கா, உங்கள் மண்டி, நீங்களே போடுங்கள் என்றாள். இஞ்சி நசுக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றேன்.

நல்ல தண்ணீர் வண்டியில் இரண்டு குடம் வாங்கி, வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து, மண்டி ஊற்றி, மெல்லிய துணி கட்டி மூடினேன். நுரைத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் காதை வைத்துக் கேட்டேன். குப்பியில் அடைத்து, கார்க்கைச் சணலால் கட்டி, ஈர மணலில் நிறுத்தினேன். அவள் ஒரு துரும்பை எடுத்துப் போடவில்லை, தள்ளியே இருந்தாள்.

வெயில் முற்றியிருந்தது. கடை திறந்து சில நாள் ஆகியிருந்தது. மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்து உட்கார்ந்ததும் ஒரு குப்பியை உடைத்து, டம்ளரில் ஊற்றி, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். மண்டி ஏது என்று கேட்கவில்லை. கொழும்புக்காரி எப்படியோ உண்டாக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆங்," என்றார் என்னைப் பார்த்து. "அதே ருசி. முன்னவிட ஒரு பங்கு கூடுதல்னுதான் சொல்லணும். அவ கைக்குத்தான் வருது, பாத்தியா?"

எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி எனக்கு அப்போது வாயில் வரவில்லை. பின்கட்டுக் கதவில் கொழும்புக்காரி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது.

"நான் கை வைக்கல்ல அத்தான்," என்றாள். "அக்கா போட்டது. மண்டியும் அக்காவோடதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். அதில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது, நுரைகூட அடங்கவில்லை. "ம்," என்றார். கொஞ்சம் கழித்து, "இனிப்பு ஒரு இது கூடிப்போச்சு" என்று சொல்லி, டம்ளரை ஒரு விரலால் அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். டம்ளர் அங்கேயே இருந்தது.

நான் தலையைத் தூக்கினேன். அவள் இன்னும் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் அவள் மேல் வயிறெரிந்தேனே, அப்போதெல்லாம் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. என்ன பார்க்கிறாய், போய் உன் வேலையைப் பார் என்று கத்தினேன். போய்விட்டாள்.

பிறகு எச்சில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் வைத்த மிச்சத்தை எடுத்துக் குடித்தேன். நிதானமாக, வாய் வாயாகக் குடித்துப் பார்த்தேன். இனிப்பு ஒன்றும் கூடவில்லை.